சீசாவுக்குள் ஒரு விரல்

மடங்குகிறது, என் இடது கை மோதிர விரல், நான் சொல்லாமலே, கிட்டாரின் கழுத்தில் தடித்த தந்தியை அழுத்த வேண்டிய நொடியில் உள்ளங்கையைப் பார்த்து மெல்ல மடங்குகிறது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது, வடபழனியில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்பது பேர் மூச்சை அடக்கி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்போதெல்லாம் முழுப் பாட்டையும் எல்லோரும் ஒன்றாக, ஒரே ஓட்டமாக வாசித்தாக வேண்டும், ஒருவர் தப்பினால் நாற்பது பேரும் மறுபடி முதலிலிருந்து, எனக்கு வயது இருபத்தாறு, பக்கத்து நாற்காலியில் பேஸ் கிட்டாரோடு டென்சில், பல்லவி முடிந்ததும் எட்டு பார், அதாவது எட்டுத் தாள வட்டம், எனக்கும் அவனுக்கும் மட்டும், ஐந்தாவது பாரில் இருவரும் சேர்ந்து கீழே இறங்க வேண்டும், இறங்குகிறோம், என் விரல் மடங்கித் தந்தியைப் பாதியில் விட்டுவிட, சுரம் வர வேண்டிய இடத்தில் தொப்பென்று ஒரு செத்த சத்தம், ஒன் மோர் என்கிறார் முன்னால் நின்று வாத்தியக்காரர்களை நடத்தும் கண்டக்டர், மறுபடி அதே இடம், மறுபடி தொப், கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் ஸ்பீக்கரில் வருகிறது, கீழ ஏதோ தட்டுது சார், பேஸா கிட்டாரான்னு பாருங்க.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது, தப்பு செய்தவன் யாரும் கேட்பதற்கு முன் தானே கையைத் தூக்கிவிட வேண்டும், தூக்கிவிட்டால் ஒரு சிரிப்போடு போய்விடும், முதல் வயலின் பெரியவர்கூடத் தூக்குவார், நானும் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன், ஆனால் அவையெல்லாம் கவனம் பிசகிய தப்புகள், இது என் விரல் என் பேச்சைக் கேட்காத தப்பு, வீட்டில் ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் நான் பார்த்துப் பயந்துகொண்டிருந்த தப்பு, கையைத் தூக்கினால் கிட்டாருக்குக் கை போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்துவிடும், என் வலது கை தொடை மேல் கிடந்தது, பக்கத்தில் டென்சிலின் கை மேலே போனது, சாரி சார், நான்தான்னு நெனைக்கிறேன், நெனைக்கிறேன் என்றானே, அந்த ஒரு வார்த்தைக்குள் புகுந்து நான் ஒளிந்துகொண்டேன், மூன்றாவது டேக்கிலும் அவன்தான் தூக்கினான், நாலாவதிலும் அவன்தான், கண்டக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பேஸ், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாத்தியம்தான் பெயர், வேறொரு பேஸ்காரர் வந்து உட்கார்ந்தார், அதற்குள் நான் அந்த விரலே தேவைப்படாதபடி சுரங்களை மேலே தூக்கி இரண்டே விரலால் வாசிக்கத் தயாராகிவிட்டேன், வாசித்தேன், டேக் ஓகே, எல்லோரும் பேசிவைத்த மாதிரி தலையாட்டினார்கள், கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டென்சிலும் தலையாட்டினான்.

டாக்டர் என் விரலை நீட்டினார், மடக்கினார், ஊசியால் குத்தினார், விரல்ல ஒண்ணும் இல்லையே சார், சட்டைப் பொத்தான் போடுது, டம்ளரைப் பிடிக்குது, கிட்டாரைத் தொட்டா மட்டும் மடங்குதுன்னா மனசுல ஏதாவது இருக்கா என்றார், இல்லை என்று சொன்னேன், அன்றைக்கு வீட்டில் இருமல் மருந்து தீர்ந்துபோன ஒரு சின்னச் சீசா கிடந்தது, எடுத்து அந்த விரலில் மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது, உள்ளே விரலால் மடங்க முடியவில்லை, கண்ணாடியைத் தந்தி மேல் வழுக்கினால் மூர் மார்க்கெட்டில் நானும் டென்சிலும் தேடித் தேடி வாங்கிய பழைய ப்ளூஸ் ரெக்கார்டுகளின் அழுகை வந்தது, சிறைப்பட்ட விரல் அழுதது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்டவர்கள் ஆகா என்றார்கள், பிறகு அடித் தந்தியைத் தளர்த்தித் தொங்கவிட்டேன், என் மனைவி எமல்டாவின் கொண்டை ஊசிகளைத் தந்திகளுக்கு நடுவே செருகினேன், எந்தச் சுரம் சரி எந்தச் சுரம் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு ஜாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன், பம்பாயில் கைதட்டினார்கள், கல்கத்தாவில் எழுந்து நின்று தட்டினார்கள், ஜெர்மனியில் ஒரு விமர்சகர், இந்த மனிதர் இசையிலிருந்து தவறு என்பதையே ஒழித்துவிட்டார் என்று எழுதினார், அதை எமல்டா சட்டம் போட்டு மாட்டினாள், அதன் கீழே உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் சோறு தின்றேன், மோதிரம் போட வேண்டிய விரல்ல சீசா, நீங்க என்னைக் கட்டினீங்களா அதைக் கட்டினீங்களா என்று எமல்டா கேட்பாள், சிரிப்பேன், மேடையில் ஒருபோதும் அதைக் கழற்றியதில்லை, பேட்டிகளில் காரணம் கேட்டால் வாய்க்கு வந்த கதையை அளந்துவிடுவேன், சட்டைப் பையில் எப்போதும் இன்னும் இரண்டு சீசாக்கள்.

டென்சில் அந்த வருஷமே ரயில்வேயில் கிளார்க்காகப் போய்விட்டான், கல்யாணங்களில், கல்லறைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்வோம், என்னா மேன், ஜெர்மன்காரனெல்லாம் உன்னத்தான் கேக்குறானாமே என்று தோளில் தட்டுவான், அந்தத் தட்டலுக்கு நான் பையிலிருக்கும் சீசாவைத் தொட்டுக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் அணையாமல் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தால் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கிறது, இருமக் கூடாது என்று தோன்றும், கனவில் பீடத்தில் கண்டக்டர் நிற்கிறார், யார் என்று கேட்கிறார், பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள், எமல்டா தூக்குகிறாள், டாக்டர் தூக்குகிறார், எனக்குத் தூக்கக் கையே இல்லை, தோளிலிருந்து ஒரு சீசா தொங்குகிறது, கனவா அது, போன வாரம் டென்சில் போன் பண்ணியதும் கனவு என்றுதான் முதலில் நினைத்தேன், பெரம்பூருக்கு ஒருநாள் வா மேன், கிட்டாரை எடுத்துட்டு வா, ஒரு வேலை இருக்கு, அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், ரயிலில் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக டென்சிலின் முன்னறையில் விழுந்து கிடக்கிறது, சுவரில் திரு இருதயப் படம், அதன் கீழே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு, நான் அதைப் பார்க்காமல் உட்காருகிறேன், அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பேஸ் கிட்டாரை இழுக்கிறான், தந்தி எல்லாம் புதுசு, விரல் நுனிகளைக் காட்டுகிறான், தோல் உரிந்து காய்த்திருக்கிறது, ஒரு மாசமாப் பழகுறேன் மேன், அந்த எட்டு பார் மட்டும், அன்னிக்கு எங்க வழுக்கினேன்னு இன்னிக்கி வரைக்கும் புரியல, கை சரியாத்தான் இருந்துச்சு, ஆனா தொப்புன்னு கேட்டுச்சே, அந்தத் தொப் என் காதுலயே இருக்கு, அதுக்கப்புறம் என் கைய என்னால நம்பவே முடியல, சாகறதுக்குள்ள ஒரு தடவ சரியா வாசிச்சிட்டா போதும், நீ அன்னிக்கு வாசிச்ச மாதிரியே வாசி, சீசா வேணாம், அது பாட்டுல இல்ல. அவனுக்குத் தெரியவில்லை, நாற்பது வருஷமும் தெரியவில்லை, தன்னையே அடித்துக்கொண்டு இருந்திருக்கிறான், தெரிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, சீசாவைக் கழற்றி மேஜையில் வைக்கிறேன், வெளுத்துச் சுருங்கிய விரல், இப்போதும் இரண்டே விரலால் மேலே தூக்கி வாசித்துவிடலாம், அவன் சரியாக வாசித்துவிடுவான், சிரிப்பான், எனக்கு டீ போட்டுக் கொடுப்பான், என் பெயரும் பிழைக்கும், அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன், டூ என்கிறான், ஆரம்பிக்கிறோம், அருமையாக வாசிக்கிறான், பாவி, எப்பேர்ப்பட்ட கை, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, நான் மேலே போகாமல் மோதிர விரலைக் கீழே தடித்த தந்திக்குக் கொண்டுபோகிறேன், அந்த இடம் வந்ததும் டென்சில் பயந்துவிடுகிறான், சூடு பட்டதுபோல் இரண்டு கைகளையும் தந்தியிலிருந்து எடுத்துவிடுகிறான், அறையில் என் கிட்டார் மட்டும்தான், விரல் மடங்குகிறது, தொப்.

டென்சில் கண்ணைத் திறக்கிறான், அந்தரத்தில் நிற்கிற தன் கைகளைப் பார்க்கிறான், பிறகு என் விரலை, அது இன்னும் மடங்கியேதான் இருக்கிறது, என் வலது கை தானாக மேலே போகிறது, தலைக்கு மேல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி, அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தூக்கிய கையையும் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டு பேஸை மடியில் சரிசெய்துகொள்கிறான், ஒன் மோர், மேன், என்கிறான், அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, மேஜையில் இருக்கும் சீசாவை நான் எடுக்கவில்லை, படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிகிறது, ஒன், டூ, மடங்குகிறது.