கதவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கேமரா வாங்கினேன், அவ்வளவுதான். வாங்கியது அலமாரியில் சும்மா கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று கடலோர நகரமான இக்கீக்கேயிலிருந்து மேட்டுப் பாலைவனத்தில் இருக்கும் சாந்தா எர்மினியாவுக்குக் கிளம்பினேன். வெடியுப்பு வெட்டிய ஊர் அது. சுரங்கத்தை மூடியபோது ஊரையும் சேர்த்து மூடிவிட்டார்கள். இப்போது ஒரு பகுதியைத் தட்டிக்கொட்டி நிமிர்த்தி, வாசலில் சீட்டுக் கிழிக்கிறார்கள். ஆளில்லாத தெரு, கூரையில்லாத வீடு, எங்கு பார்த்தாலும் துரு. என்னைப் போன்ற அரைகுறைக் கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்.

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"காற்று மட்டுமே குடியிருக்கும் அந்த ஊரின் துருப்பிடித்த மௌனத்தில், தனித்த புகைப்படக் கலைஞன் ஒருவன்—"

இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. மௌனம் துருப்பிடிக்காது. தவிர, அன்று அங்கே மௌனமே இல்லை. நவம்பரில் ஒரு வாரம், அந்த ஊரில் பிறந்தவர்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்து, அவரவர் பழைய வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒலிபெருக்கியில் கும்பியா நடனப் பாட்டு அலறும், வாசலுக்கு வாசல் இறைச்சி அடைத்த எம்பனாடா பொரியும். ஆளற்ற ஊரைப் படமெடுக்க, வருடத்திலேயே ஆள் நிறையும் ஒரே வாரத்தைத் தேர்ந்தெடுத்த அறிவாளி நான்தான்.

2

தனித்த கலைஞனை அடித்துவிட்டேன். உண்மையில் அவன் தனியாகவும் போகவில்லை. காரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் என் பக்கத்து வீட்டு எதெல்மிரா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய தம்பி நொல்பெர்த்தோ, பஸ் மெக்கானிக். இருவரும் சாந்தா எர்மினியாவில் பிறந்தவர்கள். ஊர் மூடியபோது அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அதன் பிறகு அவர்கள் அங்கே போனதே இல்லை. அவர்களுடைய அம்மா சூனில்டா விட்டதில்லை. "பொணத்தப் பாக்கறதுக்கு டிக்கெட் வேறயா" என்பது அவர் கட்சி.

இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது, கண் பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வருகிறது. கட்சி மாறிவிட்டது.

"முழுசா இருட்டறதுக்குள்ள நம்ம வீட்ட ஒரு தடவ பாத்துடறேன்" என்றாராம். "நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. நம்ம வீடா இருக்கணும். எவன் வீட்டயாவது காட்டி ஏமாத்தினீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

(இரண்டாவது வரைவில் எதெல்மிராவை "ஒடிசலான, சோகம் ததும்பும் கண்கள் கொண்ட பெண்மணி" என்று எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன்.

"யாருப்பா இவ?" என்றார்.

"நீங்கதான்க்கா."

"நான் எப்ப ஒடிசலா இருந்தேன்? இருக்கற மூட்டு வலிய விட்டுட்ட, இல்லாத சோகத்தக் கொண்டுவந்து ஒட்டியிருக்க."

ஆகவே வாசகர்கள் திருத்திக்கொள்ளவும்: எதெல்மிரா பருமனானவர். முழங்கால் இரண்டும் வலிக்கும். சோகம் கிடையாது.)

3

தொழிலாளர் குடியிருப்பு என்பது ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் நீளமான வரிசை. நடுவில் ஒன்றை மட்டும் முழுதாகப் புதுப்பித்திருக்கிறார்கள். பச்சைக் கதவு, தகரக் கூரை, உள்ளே கட்டில், அடுப்பு, சுவரில் மாதா படம். பக்கத்து வீடுகளுக்கு முன்சுவர் மட்டும் மிச்சம்.

எதெல்மிரா அந்தப் பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றதும் அசையவில்லை. கதவின் அடிப்பாகத்தில் ஒரு ஓட்டை. அதன் மேல் தட்டி நிமிர்த்திய பால் டின் தகரம், சுற்றிலும் ஆணி.

"இதான்டா" என்றார். "நீ உதைச்ச ஓட்ட. சினிமாக்குக் கூட்டிட்டுப் போகலன்னு உதைச்சியே. அப்பா உன்னப் பொளந்துட்டு, அப்புறம் இதப் பொத்தினாரு."

நொல்பெர்த்தோ தகரத்தைப் பார்த்தார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவு அதுதான். வீடு இது இல்ல."

"வெயில் ஏறிடுச்சா உனக்கு?"

"நம்ம வாசல்ல நின்னா நீச்சல் குளத்துல குதிக்கற பலக தெரியும். நான் எத்தன நாள் அழுதுக்கிட்டே அதப் பாத்திருக்கேன். இங்கேருந்து பாரு, தியேட்டர் முதுகுதான் தெரியுது." அவர் நடந்துபோய் மூன்று வீடு தள்ளி, கதவும் கூரையும் இல்லாத ஒரு பாழில் நின்றார். "இங்க வா. தெரியுதா?"

எதெல்மிரா போய்ப் பார்த்தார். தெரிந்தது. இரும்புத் தகடு அடித்த பழைய நீச்சல் குளமும், அதன் பலகையும், நேராக. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அறுபது வருடம் கழித்துத் தம்பி சொன்னது சரியாக இருப்பது எந்த அக்காவுக்கும் பிடிக்காது.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு. இந்தச் சண்டை நடந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று வாசகர் கேட்கலாம். கேட்காமல் விட்டால் நன்றி உடையவனாக இருப்பேன். பழைய சுரங்கப் பட்டறைக்குப் பின்னால் ஒரு பல்சக்கரத்தின் முன் மண்டியிட்டு, பின்னணியில் நடமாடிய ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்து நகர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நகரவில்லை. எனக்கும் ஒரு எம்பனாடா கொடுத்தார்கள்.)

4

புதிரை அவிழ்த்தவர் காவலாளி யெர்க்கோ மாமானி. புதுப்பித்த குழுவில் அவரும் ஒருவர்.

"அது வந்து..." என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "அது ஒரு வீடே இல்லைங்க. ஆறு பாழடைஞ்ச வீட்டுலருந்து எடுத்துச் செஞ்சது. கூர அந்தக் கோடி வீடு. ஜன்னல் எதிர் வரிச. கதவு, நீங்க நிக்கறீங்களே, அங்கேருந்து கழட்டினது. அதுல அந்தத் தகரம் அழகா இருந்துச்சுன்னு."

"எங்க வீட்டுக் கதவத் திருடிட்டுப் போய் இன்னொரு வீட்டுல மாட்டியிருக்கீங்க."

"பாதுகாத்திருக்கோம்னு பலகையில போட்டிருக்கும்மா."

(இந்த இடத்தில் "நினைவும் இப்படித்தான், பல பாழ்வீடுகளிலிருந்து ஒரு வீட்டை—" என்று ஒரு வாக்கியம் வந்தது. அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

நொல்பெர்த்தோ குரலைத் தாழ்த்தினார். "அக்கா, புது வீட்டு முன்னாடியே நின்னுடலாம். கதவு நம்மளுதுதானே. அம்மாக்கு என்ன தெரியப் போகுது."

"அவ ஒரு நாள்கூடச் சமைக்காத வீட்ட அவகிட்ட காட்டச் சொல்றியா?"

"அப்ப கூரையில்லாத வீட்டக் காட்டச் சொல்றியா? உள்ள பாரு. அடுப்பு இருந்த இடத்துல நாய் படுத்திருக்கு. இதப் பாக்கறதுக்கா அவ கண்ண வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கா?"

எதெல்மிரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் சொன்னது சரி என்பதுதான் கஷ்டம்.

5

இந்த இடத்தில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். புது வீட்டின் முன் நிற்க வைத்து எழுதினேன், பொய்யாக இருந்தது. பாழில் நிற்க வைத்தேன், அழுகாச்சியாக இருந்தது. படமே எடுக்காமல் திரும்ப வைத்து, பாலைவனத்தில் சூரியனை மறைய விட்டேன். அதைப் படித்துவிட்டு எதெல்மிரா, "மத்தியானம் ரெண்டு மணிக்கு எப்படிப்பா சூரியன் மறையும்?" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். நான் கற்பனை செய்திருந்தால், நம்பும்படி இல்லை என்று வெட்டியிருப்பேன்.

எதெல்மிரா கதவின் கீலைப் பார்த்தார். தூக்கினால் கழன்று வரும் பழைய கீல். யெர்க்கோவைப் பார்த்தார்.

"முடியாதுங்க" என்றார் யெர்க்கோ, அவர் கேட்பதற்கு முன்பே.

"எங்கம்மாக்குக் கண்ணு போயிட்டிருக்கு தம்பி."

யெர்க்கோ தெருவின் கோடியைப் பார்த்தார். மேலதிகாரி எம்பனாடா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வரிசை நீளம். "சீக்கிரம்" என்றார்.

தேவதாரு மரக் கதவு, பிணக்கனம். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் யெர்க்கோ. வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன, வீடு மாத்தறீங்களா? அறுபது வருஷம் லேட்டு" என்றார் ஒருவர்.

"பாத்துப் போங்க, சாவி உள்ள இருக்கப் போகுது."

இரண்டு பேர் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். யாரோ டிரம்பெட்டில் கல்யாண ஊர்வலப் பாட்டு வாசித்தார். எதெல்மிராவின் முழங்கால் கத்தியது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, சிரித்தால் கதவு நழுவும் என்ற பயமும் இருந்தது.

பாழின் வாசலில் கதவை நிறுத்தியதும், அந்த முன்சுவரே நிமிர்ந்து கொண்டதுபோல் இருந்தது. உள்ளே கூரையில்லாததோ, நாய் படுத்திருப்பதோ, எதுவும் தெரியவில்லை. வீடு முழுதாக இருந்தது. நொல்பெர்த்தோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது மேலதிகாரி கையில் பொட்டலத்தோடு தெருமுனையில் திரும்பினார். கை கொடுத்தவர்கள் ஒரே பாய்ச்சலில் அவரவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். பம்பா என்கிற அந்த வெட்டவெளிப் பாலையின் மதியக் காற்றும் கிளம்பிவிட்டது. சட்டமில்லாத வாசலில் கதவு ஆடியது. விழாமல் இருக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். அக்காவும் தம்பியும் பின்னால் போய் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எடு" என்று உள்ளேயிருந்து கத்தினார் எதெல்மிரா.

யெர்க்கோ, நொல்பெர்த்தோவின் கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்தார்.

என் கேமராவில் அன்று எடுத்த படங்கள் ஏராளம். எல்லாம் பல்சக்கரம்.

6

படத்தில் சாத்திய பச்சைக் கதவு. கீழே தகரம். இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள். மனிதர்கள் இல்லை.

பெரிதாக அச்சடித்து எடுத்துப் போனார்கள். சூனில்டா அதை மூக்கருகில் பிடித்து, கண்ணின் மிச்சமிருந்த ஒரு துண்டுக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். தகரத்துக்கு வந்ததும் நின்றார்.

"உங்கப்பா அடிச்ச ஆணி. ஒண்ணாவது நேரா இருக்கா பாரு."

பிறகு மறுபடி தேடினார். "நீங்க ரெண்டு பேரும் எங்க?"

"உள்ள இருக்கோம்மா" என்றார் எதெல்மிரா.

"பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டா? நம்ம ஊர்ல எவ வீட்டுலடா பகல்ல கதவு சாத்தியிருந்துச்சு?"

சூனில்டா மகனின் முகம் இருந்த திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்தாரா, பார்க்க முடிந்ததா என்று தெரியாது. பிறகு விரலை மடக்கி, படத்தின் மேல், கதவு இருந்த இடத்தில், இரண்டு முறை தட்டினார்.

இதுவரைதான் எதெல்மிரா சொன்னார். அடுத்தது என்ன என்று கேட்டேன். "அத நீ எழுத வேண்டாம்" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். மூன்று முடிவு எழுதிக்கொண்டு போனேன். ஒன்றில் நொல்பெர்த்தோ உடைந்துபோய், "கூர இல்லம்மா, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிடுகிறார். இன்னொன்றில் எதெல்மிரா, "யாரு?" என்கிறார், "நான்தான்டி, தொற" என்கிறார் அம்மா. மூன்றாவதில் சூனில்டா படத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு டீ கேட்கிறார். எதெல்மிரா மூன்றையும் கேட்டார். மூன்றுக்கும் "ம்" என்றார். எதற்கு அழுத்தி "ம்" என்றார் என்று கவனிக்க முயன்றேன். அதிலும் எனக்கு ஃபோகஸ் சரியாக விழவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்கள் கதவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். காற்று தள்ளுகிறது, விளிம்பில் இருக்கும் விரல்கள் உங்களுடையவை. விட்டால் கதவு விழும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் வானம் முழுவதும் தெரிந்துவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் வீடு முழுதாக இருக்கும்.

வெளியே தட்டுவது அம்மா. அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.