நோகேல்லை எண்டு எழுதும்

நாகமுத்து அண்ணை அன்று விடிய எழும்பி, முகம் வழித்து, ஆஸ்பத்திரி அங்கிக்கு மேலே மகன் கொண்டுவந்து கொடுத்த சேர்ட்டைப் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்குப் பரீட்சை அவருக்குத்தான் என்று தோன்றும். உண்மையில் பரீட்சை, வெள்ளைச் சீருடையில் கதவடியில் நின்ற மகாதேவிக்கு. அவளுக்குப் பின்னால் இரண்டு பரீட்சகர்கள் நின்றார்கள். தாதியர் பள்ளியின் ஆசிரியை லிண்ட்னர் ஒருவர். மற்றவர் அந்த வார்டின் இளம் பயிற்றுநர், வாய் திறக்காமல் எழுதிக்கொண்டேயிருப்பவர்.

ஜெர்மனியில் தாதியாவதற்குப் பேப்பரில் எழுதிக் கிழித்தால் மட்டும் போதாது. கடைசியில் ஒரு நாள் உயிருள்ள நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுச் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். கை வேலை செய்யும் விதத்தைவிட மனம் முடிவெடுக்கும் விதத்தைத்தான் அளக்கிறோம் என்பார்கள். யாரை முதலில் கவனிக்கிறாள், எதைத் தள்ளிப்போடுகிறாள், எப்போது மருத்துவரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்துவிட்டு, பிறகு தனியறையில் இருத்தி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார்கள். அரிசி அளக்கச் சுண்டு இருக்கிறது. ஒருத்தியின் மண்டைக்குள் ஓடுவதை அளக்க இவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று மகாதேவிக்கு மூன்று வருடப் படிப்பிலும் விளங்கவில்லை.

வசந்தத்தில் ஒருமுறை அவள் இதே பரீட்சையில் விழுந்திருந்தாள். ஒரு கிழவியின் முகம் சாம்பல் நிறமாக மாறியதைக் கண்டதும், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டாள். மருத்துவர் ஓடிவந்து பார்த்தார். இரத்த அழுத்தம், நாடி, மூச்சு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கிழவிக்கு ஒன்றுமில்லை, இரவு தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். ஆதாரத்தை வைத்தல்ல, உணர்ச்சியை வைத்து முடிவெடுக்கிறார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த வசனம் அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த காலத்தில், கருவியோ மருந்தோ இல்லாத வார்டுகளில் அவள் கற்றது முகத்தைப் பார்க்க மட்டும்தான். அந்தப் படிப்புக்கு இங்கே பெயர் உணர்ச்சி.

பரீட்சையை மறுபடி செய்ய ஒரேயொரு தடவைதான் விடுவார்கள். இதிலும் விழுந்தால் அந்தத் தொழிலுக்கு முழுக்குத்தான். முதியோர் இல்லத்தில் சாப்பாடு தீத்தி, பாம்பர்ஸ் மாற்றும் உதவியாளராகவே காலம் போகும். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை என்று மகாதேவி எல்லோருக்கும் சொல்வாள். தனக்குத்தானே சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வருவதில்லை.

முழங்கால் மூட்டு மாற்றிய நாகமுத்து அண்ணையிடம், பரீட்சைக்கு நோயாளியாக இருக்கச் சம்மதமா என்று முதல்நாள் கேட்டார்கள். ஜெர்மன்காரர் பலர் மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிற கேள்வி அது. அண்ணைக்கோ லொத்தர் விழுந்த சந்தோஷம். "எங்கட பிள்ளை தாதியா வாறதெண்டால் ரெண்டு காலையும் வெட்டட்டும்" என்றார். பீலெஃபெல்ட் நகரத்தில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. எண்பத்தைந்தாம் ஆண்டு ஜெர்மனிக்கு வந்தவர். யாரை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று நாள் குறித்துக் கூப்பிட்டாலும் மொழிபெயர்க்கக் கூடப் போவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கேட்பதற்கு நடந்ததைச் சொல்லக்கூடாது, நம்முடைய ஆளுக்கு எது உதவுமோ அதைச் சொல்லவேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தால் விசா கிடைத்து, வீடு வாங்கி, பேரப்பிள்ளை கண்டவர்கள் நிறையப் பேர்.

மகாதேவி அவருடைய இரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் எல்லாம் பார்த்தாள். நாடி சற்றே வேகம். எல்லை தாண்டவில்லை. பரீட்சகர்களுக்கு விளங்கவேண்டும் என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். பூச்சியத்திலிருந்து பத்து வரை, உங்கள் வலி எவ்வளவு?

"நுல்" என்றார் அண்ணை. பூச்சியம். சுவரோரம் பார்த்து உரக்கச் சொன்னார்.

இரத்தம் கட்டாமலிருக்கப் போடுகிற இறுக்கக் காலுறையை மேலே இழுக்கும்போது அவருடைய கால்விரல்கள் சுருண்டன. மகாதேவியின் கை நின்றது. காலுறைக்கு மேலாகவே கெண்டைக்காலைத் தொட்டாள். மற்றக் காலைவிட அது கொஞ்சம் தடித்து, கொஞ்சம் சூடாக இருந்தது. வெட்டித் தைத்த கால் வீங்குவதும் சுடுவதும் புதினமில்லை. ஆனால் அவருடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. திறந்த யன்னலால் கார்த்திகைக் குளிர் வந்துகொண்டிருந்த அறையில் மனிதருக்கு வியர்ப்பது ஏன்?

"அண்ணை, இதில நோகுதோ?" தன்னையறியாமல் தமிழ் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "நோகேல்லை எண்டு எழுதும் பிள்ளை. எழுதிப்போட்டு அலுவலைப் பாரும். நான் நடந்து காட்டுறன்."

"என்ன சொல்கிறார்?" லிண்ட்னர் கேட்டார்.

அந்த ஒரு கணம்தான். காலில் இரத்தம் கட்டியிருக்கலாம், நடந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம், இவரை நடக்கவிடக்கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று மகாதேவியின் உள்ளே ஒருத்தி சத்தம் போட்டாள். வசந்தத்தில் சத்தம் போட்ட அதே ஒருத்தி. எழுதிக்கொண்டிருந்த பயிற்றுநர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஆதாரம் என்ன இருக்கிறது? சுருண்ட விரல், வியர்த்த உதடு, இருபது வருடமாகப் பொய்யை உதவியாகச் செய்துவரும் ஒரு மனிதரின் சிரிப்பு. மறுபக்கம் நோயாளியே தன் வாயால் சொன்ன பூச்சியம் இருந்தது.

"வலி இல்லை என்கிறார்" என்று மகாதேவி மொழிபெயர்த்தாள்.

திட்டத்தில் இருந்தபடி அவரை எழுப்பினாள். ஊன்றுகோல்களைக் கொடுத்தாள். அண்ணை யன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். வழியில் லிண்ட்னருக்குத் தலையசைத்து வணக்கம்கூடச் சொன்னார். மகாதேவி அவருடைய பக்கத்திலேயே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய தொண்டையில் எழுந்து அடங்கிய சிறு சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ள அவள் மிகவும் பாடுபட்டாள். மனம் வைத்தால் அதுவும் முடிகிறதுதான்.

மற்ற இரண்டு நோயாளிகளையும் பார்த்து முடித்த பிறகு தனியறைப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் அவள் காரணம் சொன்னாள். நாக்கு தடுமாறவில்லை. அண்ணையின் முறை வந்தபோது லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு இடத்தில் தயங்கினீர்கள். எதை வைத்து முடிவெடுத்தீர்கள்?"

"நோயாளி சொன்னதை வைத்து" என்றாள் மகாதேவி. "வலியை அளக்க அவரைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை." பாடப்புத்தகத்தில் இருக்கிற வசனம். இன்னொரு கேள்வி கேட்கமாட்டாரா, நீ அதை நம்பினாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமே என்று அவருடைய முகத்தையே பார்த்தாள். லிண்ட்னர் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. வசந்தத்தில் இவளை விழுத்திவிட்டு, வெளியே வந்து கண் கலங்கியவர்.

"உங்களிடம் எதிர்பார்த்தது இந்த நிதானத்தைத்தான்" என்றார் லிண்ட்னர். "முடிவை முறைப்படி பிறகுதான் அறிவிப்பார்கள். நீங்கள் இன்று நிம்மதியாகத் தூங்கலாம்." எழுந்து கைகொடுத்தார். பயிற்றுநரும் முதல்தடவையாகச் சிரித்தார்.

மகாதேவி நன்றி சொன்னாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. படிகளில் ஏறியபோது கால்கள் நடந்தன, பிறகு ஓடத் தொடங்கின.

அண்ணை தலையணையில் சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் கண்கள் விரிந்தன.

"என்ன பிள்ளை, பாஸோ?"

"ஓம் அண்ணை."

"அப்பாடா." அவர் கண்ணை மூடித் திறந்தார். "இனிச் சொல்லலாம்தானே. விடியத் துவங்கி இந்தக் கால் உயிர் போற நோ, பிள்ளை. இப்ப மூச்சும் கொஞ்சம் முட்டுது."

போர்வையை இழுத்தாள். கெண்டைக்கால் பளபளவென்று இறுகி, காலுறையின் விளிம்பு சதைக்குள் புதைந்திருந்தது. ஒரு கையால் மணியை அழுத்தியபடி மறுகையால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். "ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். அதைக் கேட்கத் தனக்கு என்ன உரிமை என்று வெட்கமாக இருந்தது. அவர் வாயால் சொல்லவில்லையே தவிர, காலால் சொன்னார், உதட்டால் சொன்னார், ஒவ்வொரு அடியிலும் சொன்னார்.

இளம் மருத்துவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு தாதிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகாதேவி பிராணவாயு முகமூடியை அண்ணையின் முகத்தில் வைத்துப் பிடித்தாள். உதடுகள் ஈயநிறமாகிக்கொண்டிருந்தன. மருத்துவர் குனிந்து, நெஞ்சில் வலி இருக்கிறதா, பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

அண்ணை மருத்துவரைப் பார்க்கவில்லை. முகமூடியை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு மகாதேவியைப் பார்த்தார்.

"எத்தினை எண்டு சொல்ல, பிள்ளை? உமக்கொரு கரைச்சலும் வராதெல்லோ?"

"என்ன சொல்கிறார்?" என்று மருத்துவர் அவளிடம் கேட்டார்.

மகாதேவி முகமூடியைத் திரும்பவும் அண்ணையின் வாயில் அழுத்தினாள். அதன் உட்பக்கம் அவருடைய மூச்சு வெள்ளையாகப் படர்ந்து, மெல்ல மறைந்து, மறுபடி கொஞ்சமாகப் படர்ந்தது.