கித்தானுக்குக் கித்தா

கிட்டே வாங்க, கண்ணுங்களா. தலை ஈரத்தைத் துவட்டிக்கொண்டு இப்படி நெருங்கி உட்காருங்க. ஒரு காரும், அதன் ஒழுகுகிற கூரையும், நாலு நாள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்த ஒருத்தியும் வருகிற கதை இது. பாதியில் விடமாட்டேன், முழுசாகச் சொல்கிறேன்.

ஈப்போவில், புந்தோங்கில், நவமணி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் மாயாண்டி வாடகைக் கார் ஓட்டினான். பெரிய வெள்ளம் வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வெள்ளத்தில் நவமணியின் தங்கை காளியம்மா ரப்பர்த் தோட்டத்து லய வீட்டில் மாட்டிக்கொண்டாள். பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறவள், கைவேகத்துக்குப் பேர் போனவள். பரண் மேல் ஏறி ஓட்டைக் கூரைக்குக் கீழே மூன்று நாள் குந்தியிருந்தாள். தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது, அவளுக்குள் சொட்டியது மட்டும் நிற்கவில்லை. எங்கிருந்தாவது ஒரு துளி மேலே பட்டால் போதும், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடுவாள். கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை அங்கிருந்து கடுதாசி வந்தது. காளியம்மாவுக்கு இப்போது தேவலை, வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகலாம். படித்துச் சொன்ன கணக்கெழுதும் கிராணி கடைசி வரியை இரண்டு தரம் படித்தார். வழியிலோ வீட்டிலோ பழையபடி ஆகிவிட்டால் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும்.

நவமணி கடுதாசியை மடியில் செருகிக்கொண்டு காரைப் போய்ப் பார்த்தாள். மழை மாதம். கித்தான் துணிக் கூரையில் ஐந்தாறு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. பின் சக்கரம் ஒன்று போகும்போதே முனகும், டயரில் நூல் தெரிந்தது. ரயிலில் போகலாம்தான். ஆனால் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற வழியெல்லாம் தலைக்கு மேலே வெறும் வானம்.

"ஏங்க, ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. ஒரே ஒரு சொட்டு."

"வராது லா. நீ மொதல்ல உக்காரு."

அவள் உட்காரவில்லை. சோற்றை நின்றுகொண்டே தின்றாள். அன்று மட்டும் வாசலுக்கு வந்து வானத்தை எத்தனை தரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இந்த மாதிரி நீ ஓடிக்கிட்டே இருந்தா, தங்கச்சிய அனுப்பிட்டு அக்காவ வச்சுக்குவாங்க, பாத்துக்க" என்றான் மாயாண்டி. நவமணி சிரித்துக்கொண்டே மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சக்கரம் வாங்கப் போனார்கள். முத்து முகம்மதுவின் கடையில் பழைய கார்ச் சாமான்கள் குவிந்து கிடக்கும். இவர்கள் காருக்குப் பொருந்துகிற சக்கரம் இரண்டே இரண்டு இருந்தன, இரண்டும் மர ஆரக்கால். ஒன்றில் டயர் புதிதாகக் கறுத்து மின்னியது. மற்றதில் பாதி தேய்ந்திருந்தது.

மாயாண்டி புதிய டயரை ஆசையோடு தடவினான். "மச்சான், இத உருட்டிக்கிட்டே போ, மாப்பிள்ள மாதிரி இருப்ப" என்றார் முத்து முகம்மது.

நவமணிக்குக் கை சும்மா இருக்காது. பேச்சு நடக்கிற நேரத்தில் ஆரக்கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைச் சக்கரத்தில் எதுவும் ஆடவில்லை. ஆனால் மரம் ஜில்லென்றிருந்தது.

"அண்ணே, இத தண்ணியில போட்டீங்களா?"

"நான் ஏன் போடறேன்? முந்தாநாளுதான் ஒருத்தன்கிட்ட வாங்கினேன்."

"அப்ப அவன் போட்டிருக்கான். தோட்டத்துல மண்வெட்டிக் காம்பு ஆடுச்சுன்னா, கங்காணி கண்ணுல படக்கூடாதுன்னு ராத்திரி தொட்டியில ஊறப்போட்டுடுவோம். காலையில மரம் உப்பிக் கல்லு மாதிரி நிக்கும். மத்தியானம் வெயில்ல காஞ்சதும் மண்வெட்டி ஒரு பக்கம் போவும், காம்பு ஒரு பக்கம் போவும்."

முத்து முகம்மது குனிந்து முகர்ந்து பார்த்தார், ஆணியால் மரத்தைக் கீறிப் பார்த்தார். உள்ளே ஈரம் கறுப்பாக ஓடியிருந்தது. "யா அல்லா! என்னையே ஏமாத்திட்டுப் போயிட்டான் பயல்! தங்கச்சி, நீ நாளைக்கே கடைக்கு வந்து உக்காந்துக்க, நான் வீட்டுக்குப் போறேன்."

தேய்ந்த டயர் சக்கரத்தைத் தட்டினால் காய்ந்த மரத்தின் ஓசை வந்தது. முத்து முகம்மது இன்னொன்றும் சொன்னார். "மறுபக்கம் ஒன் டயரும் பாதி தேஞ்சதுதானே? ரெண்டும் ஒரே ஒசரம். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா கார் நொண்டும்." தேய்ந்ததையே வாங்கிக்கொண்டார்கள். மாயாண்டி மின்னுகிற டயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

புதன்கிழமை விடியலில் பக்கத்துத் தோட்டத்துக்குக் காரை விட்டு, அப்போதுதான் மரத்திலிருந்து இறக்கிய பாலை ஒரு தகரத்தில் வாங்கி வந்தான். "கித்தான் ஒழுகுதா? கித்தானுக்குக் கித்தாதான் மருந்து!" ரப்பரைத் தோட்டத்தில் கித்தா என்றுதானே சொல்வோம். அந்தப் பேச்சு அவனுக்கே ரொம்பப் பிடித்துப்போய் நாலு பேரிடம் சொன்னான். நவமணி தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, பால் உறைவதற்குள் கூரை முழுக்க மூன்று பூச்சுப் பூசினாள். காய்ந்தபின் மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே ஒரு துளி இல்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வியாழன் மத்தியானம் மாயாண்டி ஒரு சவாரி போனான். ஏறினவர் காற்று வேண்டும் என்றார். இவன் கூரையை மடக்கிப் பின்னால் கட்டினான். தோட்டத்தில் கித்தாத் தகடுகளை அடுக்கடுக்காக வைப்பார்களே, ஒட்டுகிறதா என்ன என்று நினைத்துக்கொண்டான். அதெல்லாம் புகை போட்டுக் காயவைத்தது என்பது அவனுக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து கூரையை விரித்தால் பச்சைப் பால் வெயிலில் இளகி, மடிப்போடு மடிப்பு கவ்விக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தான். ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது.

  நவமணி ஊசியும் கெட்டி நூலும் எடுத்துக் கிழிசலைச் சேர்த்துத் தைத்தாள். உள்ளிருந்து ஒரு துண்டு வைத்து மறுபடியும் தைத்தாள். பால் கிடைக்கிற நேரம் தாண்டிவிட்டது. முகத்துக்குப் போடும் பெடாக் மாவை ஒட்டுகிற இடமெல்லாம் அள்ளித் தூவினாள்.

"மன்னிச்சுக்க லா" என்றான்.

"சொட்டு விழுந்தா அவகிட்ட சொல்லுங்க மன்னிப்ப."

வெள்ளிக்கிழமை காளியம்மா வெள்ளைப் புடவையில், சின்ன மூட்டையோடு ஆஸ்பத்திரிப் படியில் நின்றாள். இளைத்திருந்தாள். அக்காவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காரில் ஏறினதும் மூக்கைச் சுருக்கினாள்.

"பால் வாட அடிக்குதே. எந்தத் தோட்டத்துப் பால்?"

நவமணி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க அத்தான் கூரையில பூசினாரு. புடிக்கலியா?"

காளியம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

பாதி வழியில் மழை பிடித்தது. கூரை மேல் படபடவென்று கொட்டியது. காளியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பூசின இடமெல்லாம் தாங்கியது. நவமணி தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி போன துளைகளில் ஈரம் திரண்டது. கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, குனிந்த வாக்கில் உள்ளங்கையால் தையலை அழுத்திப் பிடித்தாள். கார் குலுங்கியது. கை நழுவியது. ஒரு துளி காளியம்மாவின் முழங்காலில் விழுந்தது.

காளியம்மா கண்ணைத் திறந்தாள். முழங்காலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.  வாய் கத்தலுக்குத் திறந்தது. நவமணிக்குக் கிராணி படித்த கடைசி வரி காதில் கேட்டது. முன்னால் மாயாண்டி காரை நிறுத்திவிட்டான்.

அடுத்த துளி தையலில் தொங்கியது. காளியம்மாவின் கை தானாக எழுந்து அதற்கு நேர் கீழே குவிந்து நின்றது, பால்மரத்தில் கோடு போட்டதும் பால் ஏந்த மங்கு வைக்கிற அதே வேகத்தில்.

"அக்கா, எதுக்கு அங்க போயிக் கைய வைக்கிற? வெட்டுனா சொட்டத்தானே செய்யும்" என்றாள். குரல் நடுங்கியது. "அடியிலதான் ஏந்தணும்."

இரண்டு, மூன்று, நாலு துளி. உள்ளங்கையில் தேங்கினதை வெளியே வீசிவிட்டு மறுபடி ஏந்தினாள். அவள் மூச்சு இன்னும் சீராகவில்லை. இன்னொரு கை நவமணியின் முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

"காரை விடுங்க அத்தான். மெதுவா."

புந்தோங்கில் வீட்டு வாசலில் கார் நின்றபோதும் மழை விடவில்லை. காளியம்மா இறங்கமாட்டேன் என்றாள். சரி என்று மூன்று பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை ஓய்ந்தபோது நவமணி ஏந்தினாள், நவமணி ஓய்ந்தபோது மாயாண்டி ஏந்தினான். வெகுநேரம் கழித்துத் தூறல் ஓய்ந்தது. காளியம்மா தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஈர வாசலைத் தாண்டி, வீட்டுக்குள் போனாள்.

போய்த் தூங்குங்க, என் செல்லங்களா. தூரத்தில் இருக்கிற உங்கள் மனுஷர் எல்லாரும் பத்திரமாக வந்து சேரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும். வீட்டில் பிறந்ததும் வாழவந்ததும் நோய்நொடி இல்லாமல் நிறைஞ்சு இருக்கட்டும்.