வாசலுக்கு வந்த பெட்டிகள்

அந்த அறையில் பெட்டிகள்தான் குடித்தனம் நடத்தின. மனிதர்கள் இரண்டு பேர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னது தையல்காரியின் புருஷன். பேக்கரியில் மாவு பிசைந்து வீங்கிய கையோடு வருகிறவன், கால் நீட்ட இடம் தேடும்போதெல்லாம் சொல்வான்.

தகட்டுச் சுவர் வைத்த அறை. ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்காக ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்த வார்த்தையை எழுத்து விடாமல் நம்பியது தையல்காரி ஒருத்திதான்.

காரணம் இருந்தது. முதலில் தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். பாத்திரங்களை எடுத்து அடுக்கிய மறுநாளே, வேறிடம் கூட்டிப்போக பஸ் வந்து நின்றது. அடுத்தது ஒரு பழைய கிடங்கு. அங்கே வெகுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், ஒருநாள் மனசு கேட்காமல் திரைச்சீலையை எடுத்து மாட்டினாள். பார்த்து ரசிப்பதற்குள் மறுபடியும் பஸ். அன்றைக்குத் தீர்மானித்துவிட்டாள்: பெட்டியைத் திறந்தால் பஸ் வரும்.

அதனால் இங்கே பெட்டிக்கு வெளியே இருந்தவை இரண்டு தட்டு, ஒரு டம்ளர், மாற்றுத் துணி. தையல் மெஷின்கூடப் பெட்டிக்குள்தான். அவள் டீ குடித்து முடித்த பிறகு அதே டம்ளரில் அவன் குடிப்பான்.

“இன்னொரு டம்ளர் எடேன். பஸ்ஸுக்குத் தெரியவா போகுது?”

“தெரியும்.”

“அதுக்கு அவ்வளவு நீள மூக்கா?”

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். டம்ளரைச் சாக்கு வைத்து அவன் ஒரு முழுக் குடித்தனத்தைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்க ஆசைதான். ஆனால் ஆசையாய் மாட்டியதைக் கழற்றி மடிக்க இன்னொரு தடவை அவளிடம் தெம்பில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பின், கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பொதுக் குழாயில் துணி துவைக்கப் போனாள். பக்கத்துக் குழாய்தானே, பூட்டு எதற்கு? ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவள், பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் வாசலில் அவளுடைய பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, உச்சியில் அந்தத் தட்டும் டம்ளருமாக, கிளம்பத் தயாராக.

திறக்கவே இல்லையே என்று முனகிக்கொண்டே தெருமுனையைப் பார்த்தாள். பஸ் எதுவும் இல்லை. ஒரு பூனை நடந்து போனது.

அறைக்குள் யாரோ ஒருத்தி, மூக்குக் கண்ணாடி போட்டவள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் புதிதாய் ஒரு பச்சைத் துணி. மூலையில் பாய்.

“யாரும்மா நீ?”

“இன்னைக்குத்தான் வந்தேன் அக்கா. கடைசியிலேருந்து மூணாவது ரூம்னு சொன்னாங்க.”

“அது அந்தக் கடைசி. இது இந்தக் கடைசி.”

“அய்யய்யோ. யாரோ காலி பண்ணிட்டு மூட்டை கட்டி வெச்சிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன். வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு வெளியே வெச்சேன்.”

“காலி பண்ணலே. இது என் வீடு.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. இந்த ஊரில் அவள் அப்படிச் சொல்லிக் கேட்டவர் கிடையாது, அவளும் கேட்டதில்லை. கண்ணாடிக்காரி அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“வீடா? கோவிச்சுக்காதீங்க அக்கா, ஆள் இருக்கிற வாடையே இல்லையே. கொசுகூட இங்க தங்க யோசிக்கும்.”

தையல்காரி வாசலில் இருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கட்டிப் போட்ட பெட்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. அப்படியானால் அவள் இத்தனை நாள் எதற்குக் காவல் காத்தாள்? யோசிக்க யோசிக்க அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அழுகை என்று நினைத்து உதட்டைக் கடித்தாள். வந்தது சிரிப்பு. கண்ணாடிக்காரி முதலில் மிரண்டாள். பிறகு என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

“பெட்டியை வெளியே தள்ளின பாவத்துக்கு நானே உள்ளே தூக்கி வைக்கிறேன் அக்கா.”

“வெச்சா மட்டும் போதாது. திறந்து அடுக்கணும். அப்புறம் உன் வீட்டுக்கு நான் வரேன்.”

சாயங்காலத்துக்குள் பச்சைத் துணி இறங்கி, தையல்காரியின் பூப்போட்ட திரைச்சீலை ஏறியது. பாத்திரங்கள் சுவரோரம் வரிசை பிடித்தன. தையல் மெஷின் ஜன்னலடியில் உட்கார்ந்தது.

அவள் புருஷன் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு பார்வை பார்த்தான். “மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரையை விலக்கிப் பார்த்தால், வரிசைக் கடைசிக்குப் போய், விரல் நீட்டிக் கதவுகளை எண்ணிக்கொண்டு வருகிறான். மறுபடியும் வாசலில் வந்து நின்று மெதுவாகத் தட்டினான். தையல்காரி திறந்தாள்.

“இங்க... பெட்டியும் கையுமா ஒரு அம்மா இருந்தாங்களே...”

“அவங்க போயிட்டாங்க. நீங்க உள்ளே வாங்க.”

அவன் உடனே வரவில்லை. சட்டையிலும் முழங்கையிலும் படிந்திருந்த மாவை வாசலில் நின்று தட்டினான். இங்கே வந்த நாளிலிருந்து அப்படியே உள்ளே வந்து சரிகிறவன், அன்றைக்கு நின்று நிதானமாக, ஒரு பொட்டு மாவு மிச்சமில்லாமல் தட்டிவிட்டு, பிறகு காலெடுத்து உள்ளே வைத்தான்.