ஒரு ஜோடி கருவளை

தையல்நாயகி வயிற்றில் இரண்டு! திண்டிவனத்து டாக்டரம்மா குழல் வைத்துக் கேட்டுச் சொன்ன சேதி, இவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கூட்டேரிப்பட்டு முழுக்கப் பரவிவிட்டது.

"ரெட்டை வாழைப்பழம் துன்னியாடி?" மாமியார் வீரம்மாள் கேட்ட முதல் கேள்வி அது. பழமாம் பழம்! டாக்டரம்மா சொன்னதில் பழமே இல்லை.

"ரெட்டைன்னா ஆபத்தும் ரெண்டு மடங்கும்மா. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சிருந்தா, ஒரே நஞ்சுக்கொடியில ரெண்டும் பங்கு போடும். ஒண்ணு கொழுக்கும், ஒண்ணு வாடும். அது பொறந்தப்புறம்தான் தெரியும். கை வீங்கினா, தலைவலி மண்டையைப் பிளந்தா, கண்ணு முன்னால பூச்சி பறந்தா, அப்பவே ஓடி வந்துடு. நாள் பார்த்துக்கிட்டு இருக்காதே."

வீரம்மாள் பார்த்ததெல்லாம் நாள்தான். அந்த வீட்டில் வளைகாப்பு ஒன்பதாம் மாதம். வளையல் போடாமல் எந்த மருமகளும் பேறுகாலத்துக்குப் படி தாண்டியதில்லை. எட்டாம் மாதத்தில் பயணம் என்ற பேச்சே கிடையாது. பிள்ளை பெருத்தால் கஷ்டமாம், அதனால் அரை வயிற்றுக் கேப்பைக் கூழ் வேறு. தையல்நாயகி சளைத்தவளா? மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உடைத்து உடைத்துத் தின்றாள்.

எட்டாம் மாதம் பிறந்து சில நாளில் தலைவலி வந்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது.

"அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"வளைகாப்பு ஆவாம படி தாண்டுனே, திரும்ப உள்ள வராதே!"

புருஷன் சுப்பராயலு கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆத்தா கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன்!

அந்த நேரம் பார்த்துத் தெருவில் வளையல்காரி அஞ்சம்மாள் கூடையோடு வந்தாள். தையல்நாயகி வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வளையல் போட்டாத்தானே போலாம்? போடுக்கா. இன்னிக்கே எனக்கு வளைகாப்பு."

அக்கம்பக்கம் கூடிவிட்டது. அஞ்சம்மாள் தயங்கித் தயங்கி, கல்யாணத்துக்குப் போட்ட அதே அளவில் ஒன்றை எடுத்தாள். விரலைத் தாண்டவில்லை. பெரிய அளவு எடுத்தாள். பாதிக் கையில் மாட்டி, படீரென்று உடைந்தது.

"ஐயையோ, அபசகுனம்!" என்று வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா தாயீ, கை இப்படி ஊதிக் கிடக்குது!" என்றாள் அஞ்சம்மாள்.

தையல்நாயகி அந்தக் கையை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாருங்க அத்தை. டாக்டரம்மா சொன்ன வீக்கம் இதான். வளையல் உடைஞ்சா நான் சாவ மாட்டேன். இங்க குந்திக்கினு இருந்தாத்தான் சாவேன், மூணு பேரா!"

சுப்பராயலு பக்கம் திரும்பினாள். "இந்தா, வண்டி கட்டுறியா, நான் நடக்கட்டுமா?"

அவன் ஆத்தாளைப் பார்த்தான், பெண்டாட்டியின் கையைப் பார்த்தான். பிறகு மாட்டை அவிழ்க்க ஓடினான். வெறுங்கையோடு அவள் படி தாண்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வைத வசவு கொஞ்சமல்ல. ரத்தக்கொதிப்பு தலைக்கேறியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு கண்டிருக்குமாம். மறுநாள் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரே நஞ்சுக்கொடி, ஒரே மூக்கு, ஒரே முழி. ஆனால் மூத்தது சிவந்து கொழுகொழுவென்று இருந்தது, இளையது வெளுத்து ஒரு கைக்குள் அடங்கியது. தையல்நாயகிக்கு ரத்தம் நிற்காமல் போய், நர்சுகள் படாத பாடுபட்டு நிறுத்தினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் வீரம்மாள் வந்தாள். மடியிலிருந்து கருவளை எடுத்தாள். ஒரே ஒரு ஜோடி.

"பெரிசுக்குப் போடு. சின்னது தங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு எதுக்கு வீணா?"

தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜோடியை வெடுக்கென்று வாங்கினாள். ஒன்றைச் சின்னதின் கையில் முதலில் போட்டாள், மற்றதைப் பெரியதற்குப் போட்டாள். சின்னதின் கையில் அது தொளதொளவென்று முழங்கைவரை ஓடியது.

"இது கை பெருக்கும், அத்தை. ஆளுக்கொரு கை மூளியாக் கிடக்குது பாருங்க. போய் இன்னொரு ஜோடி வாங்கிக்கினு வாங்க."

வீரம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து கடைக்குப் போனாள்.