மகாலுக்குப் போன கொடி

“மாதாவைப் பாக்கப் போறோமா, மகாலைப் பாக்கப் போறோமா? அதை மொதல்ல சொல்லுட்டி.”

“ரெண்டையும்.”

தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறாம் லயத்தில், கங்காணிக்கும் அவர் பெண்டாட்டிக்கும் இந்தச் சண்டை எந்த நேரத்தில் சூடு பிடித்தது என்று கேட்டால் பக்கத்து வீட்டு ஞானஜோதி துல்லியமாகச் சொல்வாள். அவள் மாதாவுக்கு நேர்ச்சை வைக்காத சபைக்காரி. ஆனால் காதை மட்டும் எப்போதோ அடுத்த வீட்டுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாத சுவர் என்பதால் அவளுக்கு எழுந்து போகும் சிரமம்கூட இல்லை.

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம் நடந்து போகும். குமுளி இறங்கி, கம்பம், தேனி, மதுரை என்று கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும். கூட்டத்தை நடத்துகிறவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஆசீர்வாதக் கங்காணி. அதுவரை போனதெல்லாம் ஆண்கள். அந்த வருடம் சாமியார் பூசையிலேயே, பெண்களும் போகட்டும் என்று சொல்லிவிட்டார். பலிபீடத்திலிருந்து வந்த வார்த்தையைக் கங்காணி எப்படித் தட்டுவார்? தட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டார். விடிகாலையில் பெரட்டு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டுவது போலவே ஆள் எண்ணிக்கை. பிறகு நடை. மத்தியானத்திலும் நடை. இருட்டினால் படுக்கை. ஓய்வு நாள் என்ற பேச்சே கிடையாது.

அவர் மனைவி இருதயம்மாள் கேட்டது ஒன்றும் பெரிய வரம் இல்லை. ஆண்டிப்பட்டிப் பக்கம் வைகையில் அணை கட்டுகிறார்களாம், அங்கே அரை நாள். மதுரையில் ஒரு முழு நாள், நாயக்கர் மகாலைப் பார்க்க. அவள் பிறந்தது தேயிலைக்குள், பூப்பெய்தியது தேயிலைக்குள், தாலி ஏறியதும் அதே தேயிலைக்குள். பச்சையைத் தவிர வேறு நிறத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அந்த ஆசையை மூட்டியவரே ஆசீர்வாதம்தான். ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்து, கண்ணைத் தரையிலேயே பதித்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு நடந்தோம் என்பார். இரண்டு வாய் சாயா உள்ளே போனதும், மகால் தூணைப் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது என்பார். தரையிலேயே பதிந்திருந்த கண்ணுக்கு அந்தத் தூண் எப்படித் தெரிந்தது என்று இருதயம்மாள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துவைத்து இப்போது கேட்டாள்.

கங்காணிக்குப் பதில் வராதபோது சட்டம் வரும். கொடிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது, கொடியை விட்டுப் பின்தங்கினால் நேர்ச்சை முறிந்தது, முறிந்தவர்களை அடுத்த வருடம் சேர்ப்பதில்லை என்று அடுக்கினார். மகாலைப் பார்க்க நிற்கிறவள் நின்றுகொள்ளட்டும், கொடி நிற்காது என்று முடித்தார்.

இருதயம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்கள் பயந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆசீர்வாதம் பயப்படவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருடம் ஆகியும் மனுசனுக்கு அந்தப் பாடம் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் தன்னுடைய ஈஸ்டர் சேலையை, நல்ல வான நீலம், எடுத்துவந்து கொடித்துணிக்குக் கொடுத்தாள். பழைய கொடி மழையில் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. பெண்டாட்டி பணிந்துவிட்டாள் என்று கங்காணிக்கு உள்ளூரச் சந்தோஷம். சேலையை வாங்கி, பக்திக்குச் சாட்சியாக லயம் முழுவதும் காட்டினார்.

அவர் மறந்துபோனது தன் சட்டத்தைத்தான். கொடித்துணி யார் கொடுத்தாரோ அவரே ஒவ்வொரு ஊர் எல்லையிலும் கொடியை வாங்கி ஊருக்குள் ஏந்திப் போக வேண்டும். அவராக மனமுவந்து கைமாற்றும்வரை யாரும் கேட்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஊருக்குள் கம்பீரமாகப் போவது எப்போதும் தானாகவே இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் அந்த நாளில் ஏற்படுத்திய வழக்கம் அது. துணியை வருடா வருடம் அவரே கொடுத்துவந்ததால் இதில் வேறு ஒருவருக்கு வேலை வரும் என்று தோன்றவே இல்லை.

குமுளி இறங்கியதும் உலகம் கொதித்தது. மலையில் வெயில் என்பது விருந்தாளி. கம்பம் பள்ளத்தாக்கில் அது வீட்டுக்காரன். சமவெளிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் நடந்து, உச்சி வேளையில் மரத்தடியில் கிடப்பார்கள். தோட்டத்து நேரத்தையே கட்டிக்கொண்டு வந்த ஆசீர்வாதம், பனிமூட்டத்தில் கொழுந்து பறிப்பது போல நினைத்து, உச்சி வெயிலில் தார் ரோட்டில் ஆட்களை நடத்தினார். வழியில் உழுதுகொண்டிருந்தவர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அதில் இன்னொரு சங்கதி. நேர்ச்சை நடையில் செருப்புக் கூடாது. கொழுந்து பறிக்கிறவர்கள் பிறந்தது முதல் வெறுங்கால். கங்காணியுடையது மட்டும் வருடம் முழுக்கப் பூட்ஸுக்குள் வைத்திருந்த கால். தேனி வருவதற்குள் அது பழுத்த பப்பாளி ஆனது. பாதத்தின் ஓரத்தை ஊன்றி அவர் நடந்த நடையை இன்பமேரி நடந்து காட்டினாள். இருதயம்மாளின் தங்கை மகள் அவள், கூட்டத்திலேயே இளையவள், வாய் சும்மா இராது. பெரியம்மா அவளை அதட்டினாள். அதட்டுவதற்கு முன்னால் சிரித்துவிட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆண்டிப்பட்டியில் வடக்கே லாரிப் புழுதி எழுந்தது தெரிந்தது. அங்கேதான் அணை. இருதயம்மாள் கொடியோடு ஊரைக் கடந்து, எல்லையில் பேசாமல் கணவர் கையில் கொடுத்தாள். அதோடு ஆசீர்வாதத்துக்கு முழு நிம்மதி.

மதுரைக்கு ஒரு நடை பாக்கி இருக்கும்போது, செக்கானூரணியில் ஒரு புளியமரத்தடியில் கூட்டம் உட்கார்ந்தது. ஆசீர்வாதம் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, இனி எழுந்தால் அதிசயம். கொஞ்ச நேரத்தில் அவருடைய தம்பி பவுல்ராஜ் தூது வந்தான். அண்ணன் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம்.

“மதினி, அண்ணன் மனசு இளகிட்டாரு. பொம்பளையாளுங்களுக்குக் கால் தாங்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்குப் பூராவும் மதுரையில தங்கிக்கலாம். மகாலும் பாத்துக்கோங்க.”

இருதயம்மாள் காலை நீட்டினாள். அம்மி மாதிரி இருந்தது பாதம்.

“இதுல கொப்புளம் எங்க இருக்குன்னு காட்டுங்க கொழுந்தனாரே.”

பவுல்ராஜ் மரத்தைப் பார்த்தான். இன்பமேரி அவள் காதருகே வந்து, சொல்லித் தொலையேன் பெரியம்மா, மகால் கிடைக்கிறது அல்லவா என்று முணுமுணுத்தாள். நியாயமான பேச்சுதான். ஒரு சின்னப் பொய், ஒரு பெரிய மகால். இருதயம்மாளுக்கும் ஒரு நிமிடம் நாக்கு நுனிவரை வந்தது.

“களைப்புன்னு சொன்னா அடுத்த வருசம் என்ன சொல்வாங்க தெரியுமா? பொம்பளை தாங்க மாட்டா, வீட்டுல கிடக்கட்டும்பாங்க. எனக்குக் களைப்பு இல்ல. எனக்குப் பாக்கணும். பாக்கணும்னு சொல்லித்தான் நிக்கணும்.” பவுல்ராஜைத் திரும்பிப் பார்த்து, “அப்படியே போய்ச் சொல்லுங்க” என்றாள்.

அவன் போய்ச் சொன்னான். பாதியை விழுங்கித்தான் சொல்லியிருப்பான். அப்படியும் கங்காணி கொதித்து எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் தரையில் பட்டு மறுபடி உட்கார்ந்தார். ஓய்வும் இல்லை, ஒன்றும் இல்லை, நாளைக்கு மதுரையைத் தாண்டி ராத்திரிப் படுக்கை என்று உட்கார்ந்தபடியே அறிவித்தார்.

மறுநாள் மதுரை எல்லையில் இருதயம்மாள் கொடியை வாங்கினாள். கிழக்கு வெளி வீதி மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டாள். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். எழுந்தவள் ராமநாதபுரம் ரோட்டைப் பார்க்கத் திரும்பவில்லை. பக்கத்துத் தெருவில் திரும்பினாள். கொடி போனால் கூட்டம் போக வேண்டும், முன்னால் ஓடித் தடுக்கவும் முடியாது. ஆசீர்வாதம் பின்னாலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “மரியே வாழ்க” என்று பெண்கள் போட்ட சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு வந்த பக்தி போல முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மகால் வாசலில் கொடி நின்றது. எதிர் ரொட்டிக்கடைப் பையன் ஒருவன் ஓடிவந்து கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். அந்தக் காலத்தில் அதற்குள்தான் கோர்ட்டு நடந்தது. கறுப்புக் கோட்டுகளும் கட்டுக் காகிதங்களும் படியேறி இறங்கிக்கொண்டிருந்தன.

“கொடியைக் குடு” என்றார் ஆசீர்வாதம்.

“கேக்கக் கூடாதுன்னு வழக்கம். நீங்க வச்சதுதான்.”

“ஏட்டி, இது கோர்ட்டு. கேஸ் இல்லாதவனுக்கு இங்க என்ன வேலை?”

“கேஸ் இல்லாதவங்கதான் நிம்மதியாப் பாக்கலாம்.”

கங்காணி தோட்டத்தில் கத்துகிற கத்தலைக் கத்தினார். உள்ளேயிருந்து டவாலி போட்ட சேவகர் ஒருவர் இறங்கிவந்தார். விசாரணை நடக்கிற இடத்தில் என்ன சத்தம், என்ன காரியமாக வந்தீர்கள் என்று, கூட்டத்தில் மீசை பெரிதாக இருந்தவரைப் பார்த்துக் கேட்டார். மீசை ஆசீர்வாதத்துடையது.

கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. பொம்பளைகள் களைத்துவிட்டார்கள், நிழலுக்கு ஒதுங்கினோம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சேவகர் நம்புவார், அடுத்த வருடம் பெண்களைச் சேர்க்காமல் விடவும் சுலபம். இருதயம்மாள் கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, அவரை நேராகப் பார்த்தாள். அந்த நிற்பைப் பார்த்து அவளைக் களைத்தவள் என்று சொல்ல ஒரு பெரிய பொய்யன் வேண்டும். ஆசீர்வாதம் சின்னப் பொய்யர்தான்.

“பாக்க வந்தோம் ஐயா” என்றார். “என் வீட்டுக்காரி பாக்கணும்னா.”

“அதுக்கென்ன, சத்தம் போடாமப் பாருங்க” என்று சேவகர் போய்விட்டார். அவ்வளவுதான் காரியம்.

இருதயம்மாள் மனமுவந்து கொடியைக் கணவர் கையில் கொடுத்தாள். கொடி தரையில் படக் கூடாது அல்லவா, அவர் அதை மடியில் சாய்த்துப் படியில் உட்கார்ந்தார். கொப்புளக் கால் நிழலில் நீண்டது. அன்று பொழுது சாயும்வரை அவருக்கு ஓய்வுதான்.

உள்ளே போய் அவள் அண்ணாந்தாள். அண்ணாந்தவள் கொஞ்ச நேரம் குனியவே இல்லை. பிறகு இன்பமேரியையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு தூணைச் சுற்றிக் கைகோத்தார்கள். பத்துப் பேருக்கும் எட்டாத தூண் என்றாரே, நாலு பேருக்கே கை மிஞ்சியது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

இருதயம்மாளுக்குச் சங்கதி புரிந்தது. மனுசன் வருடா வருடம் வாசல்வரை வந்து, கோர்ட்டுக்குப் பயந்து, உள்ளே காலே வைத்ததில்லை.

வெளியே வந்து அதை அவள் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஞானஜோதியாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பாள். இருதயம்மாள் கொடியை வாங்கிக்கொண்டு, “போய்ப் பாத்துட்டு வாங்க, கொடி நிக்குது” என்றாள். அவர் பாதத்தின் ஓரத்தால் படியேறி உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலமே வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தார்கள். மதுரைக்கு அப்புறம் மத்தியான நடை இல்லை.

அடுத்த வருடத்துக்கான ஓய்வு நாள்களை இருதயம்மாள்தான் கோயில் வாசலில் அறிவித்தாள். சுருளி அருவியில் குளியல், அணையில் அரை நாள், மகாலில் ஒரு நாள். ஆசீர்வாதம் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இந்த அவமானத்தைப் பார்க்க மாட்டேன் என்று பவுல்ராஜ் மறையூருக்குக் குடிபோய் வெல்ல ஆலையில் சேர்ந்தான். அங்கே ஒரு காந்தலூர்க்காரியைக் கட்டினான். அவள் தும்மினால் இப்போது மூக்கைத் துடைத்துக்கொள்கிறானாம். இன்பமேரி, மகால் தெருவில் கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ரொட்டிக்கடைப் பையனுக்கே மறு தை மாதம் வாழ்க்கைப்பட்டு மதுரைக்குப் போனாள். மகாலைப் பார்க்கப் போனதன் பலனைப் பார் என்று ஆசீர்வாதம் சொன்னதற்கு, ஆமாம், பார்த்தோம் என்றாள் இருதயம்மாள்.

ஞானஜோதியும் மறு வருடம் அவர்களோடு நடந்தாள். சபையில் மூப்பர் கூப்பிட்டு விசாரித்தபோது, நான் மாதாவுக்காகப் போகவில்லை ஐயா, மகாலுக்காகப் போனேன் என்றாளாம். அதற்கப்புறம் அவள் நாகர்கோவில் பக்கம் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டாள். பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காமல் முதல் மாதம் தூக்கமே வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.