இறால் கண் நிறத்தில் பத்து நகம்

முனவ்வறா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கையை. அதுவும் தம்பி பெண்டாட்டி றிஸ்பாவின் கை என்றால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் அங்கே போய்விடும். நகத்தில் சாயம் இல்லாவிட்டால் பேசாமல் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி குடிப்பாள். சாயம் இருந்தால் "ம்" என்பாள். அந்த "ம்" பின்னேரத்துக்குள் நீராவிப்பிட்டி முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். நகத்தில் கியூட்டெக்ஸ் இருந்தால் தண்ணீர் நகத்தில் படாது, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுகிற வுளூ சேராது. வுளூ இல்லாமல் தொழ முடியாது. ஆகவே ஊர்ப் பெண்கள் ஆசைக்குப் பூசுவதெல்லாம் மாதத்தில் தொழுகை இல்லாத அந்த ஐந்தாறு நாளில்தான். மற்றவர்கள் பார்ப்பார்கள், விளங்கிக்கொள்வார்கள், வேறு கதை கதைப்பார்கள். கலியாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லாத ஒருத்தியின் நகத்தைக் கலண்டர் மாதிரி வாசித்து, "இந்த மாசமும் இல்லையாம்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரியும் கெட்டித்தனம் முனவ்வறாவுக்கு மட்டும்தான் இருந்தது.

பூசாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். றிஸ்பாவுக்கு அது வேலை. கிளிநொச்சியில் அழகுக்கலை வகுப்பில் கூடப் படித்த தயாளினி, ஸ்கந்தபுரத்தில் தன் வீட்டுப் பின்னறையில் சொந்தமாகக் கியூட்டெக்ஸ் செய்கிறாள். நிறமில்லாத பூச்சை வாங்கி, சாயமும் மினுங்கல் தூளும் கலந்து, குலுக்கினால் கிலுங்குகிற சின்ன இரும்புக் குண்டு இரண்டு போட்டு, குப்பியில் அடைத்துப் பேஸ்புக்கில் விற்கிறாள். வாங்குகிறவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற தமிழ்ப் பெண்கள். ஒவ்வொரு புது நிறத்தையும் முதலில் பூசிப் பார்ப்பது றிஸ்பா. திரள்கிறதா, கோடு விழுகிறதா, எத்தனை பூச்சில் நகம் மறைகிறது, இரண்டு நாள் சட்டிபானை கழுவினால் நுனி உரிகிறதா என்றெல்லாம் அவள்தான் சொல்லவேண்டும். குசினி யன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், வெயிலில் ஒரு படம். றிஸ்பாவின் நீண்ட விரல்களைத் தெரியாத வாடிக்கைக்காரி இல்லை.

ஆவணியில் தயாளினி ஒரு பெட்டி நிறையக் குப்பிகளோடு வந்தாள்.

"இலையுதிர் காலத்துக்குக் கடும் நிறமா, மினுங்கிறதாக் கேக்கினம்" என்றாள். "அங்க மரமெல்லாம் சிவத்து, பிறகு இலை கொட்டுமாம்."

"மரம் சிவந்தால் நகம் ஏன் கறுக்கோணும்?"

"எனக்கெண்டாத் தெரியாது. கேக்கினம், செய்யிறன்."

இரண்டு பேருமே இலையுதிர் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. அதனால் கண்டதை வைத்துப் பெயர் வைத்தார்கள். கடும் ஊதாவுக்குள் சிவப்பு ஓடினது நாவற்பழம். அடிப்பிடித்த செம்பு நிறம் செப்புச்சட்டி. வெள்ளித் தூள் கலந்த சாம்பல் நீலம் மழைக்கு முதல். கடைசிக் குப்பி சும்மா பார்த்தால் கறுப்புத்தான். விரலைத் திருப்பினால் உள்ளேயிருந்து பச்சையும் செம்பும் பொறிப்பொறியாக எழும்பும். கூடையில் கொட்டின இறாலின் கண் மாதிரி இருக்கிறது என்று றிஸ்பா சொன்னாள். அதுவே பெயராகிவிட்டது.

"இந்த முறை உன்ர அஞ்சு நாள் காணாது" என்று தயாளினி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். ஒட்டுகிற பிளாஸ்டிக் நகங்கள். "இதில பூசி, ஒட்டிப் படமெடு. தொழப் போகேக்க கழட்டி வை."

வழி நல்ல வழிதான். றிஸ்பா பத்து நகத்திலும் இறால் கண்ணை மூன்று பூச்சுப் பூசிக் காயவைத்தாள். பாங்கு சொன்னால் கழற்றிக் குசினி யன்னல் திண்டில் ஒரு சோசரில் போடுவாள். தொழுதுவிட்டு வந்து திரும்ப ஒட்டுவாள்.

அந்தக் கிழமை அவளுக்கு வரவேண்டியது வரவில்லை. ஆறு நாள் பிந்தியிருந்தது. தயாளினியிடம் சொல்லிக் கிளிநொச்சியில் பரிசோதனைக் குச்சி வாங்குவித்தாள். முல்லைத்தீவில் வாங்கினால் பார்மசிக்காரன் முனவ்வறாவின் புருசனுக்குச் சொந்தம், குச்சி வீட்டுக்கு வருமுன் கதை வந்துவிடும். காலையில் பார்த்தாள். இரண்டு கோடு. குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பின்னேரம் புருசன் நாஸிம் ஹாட்வெயார்க் கடையால் வந்ததும் சொல்லவேண்டும் என்று அலுமாரியில் சீலைகளுக்கு இடையில் குச்சியை ஒளித்துவைத்தாள்.

பத்து மணிக்கு முனவ்வறா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கையைப் பார்த்தாள். இந்த முறை "ம்" என்பதோடு நிற்கவில்லை.

"இஞ்ச பார், நான் ஒளிச்சுச் செய்யிற ஆள் இல்லை" என்று கதிரையில் இருந்தாள். "வவுனியாவில ஒரு பிள்ளை இருக்கு. தம்பிக்கு ரெண்டாவதாப் பேசப் போறன். மார்க்கத்தில இடம் இருக்குத்தானே. உன்னை ஒருத்தரும் தள்ளேல்லை, நீயும் ஒரு பக்கத்தில இருக்கலாம்."

ஒரு பக்கத்தில். றிஸ்பாவின் வாப்பா சீதனமாகக் கொடுத்த காணியில், அவள் பெயரில் இருக்கிற வீட்டில், அவள் ஊற்றின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவளுக்கே இடம் ஒதுக்குகிறாள் இந்த மனுசி.

இது ஒட்டின நகம் மதினி, எனக்குத் தொழுகை இருக்கு, வயித்தில பிள்ளையும் இருக்கு என்று சொல்ல றிஸ்பா வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முனவ்வறாவும் உடனே "அல்ஹம்துலில்லாஹ்" என்று கட்டிப்பிடித்து, ஐந்து வருடமாகத் தன் துஆதான் பலித்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அந்தப் பெயரை அவளுக்குக் கொடுக்க றிஸ்பாவுக்கு மனமில்லை. திறந்த வாயை மூடினாள்.

"இவருக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் சொன்னால் அவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான்."

பின்னேரம் நாஸிம் வந்தான். சோறு போட்டுக்கொண்டே, மதினி வந்து ஒரு விஷயம் சொன்னதாகச் சொன்னாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ராத்தா ஏதோ கதைக்கிறா. விடு."

அவ்வளவுதான். அக்காவிடம் ஏலாது என்று சொல்லிவிட்டேன் என்று ஒரு சொல் வருமென்று அவன் கைகழுவி எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அலுமாரியைத் திறக்காமலே விட்டாள்.

றிஸ்பா கோபத்தை உடனே கொட்டுகிற ஆள் இல்லை, ஊறப்போடுகிற ஆள். முனவ்வறா எவ்வளவு தூரம் போகிறாளோ போகட்டும் என்று விட்டாள். ஏறுகிற மட்டும் ஏறட்டும், விழுகிறபோது ஊர் பார்க்க விழட்டும். புருசனுக்கும் ஒரு தவணை வைத்தாள். அவன் வாயால் ஒரு மறுப்பு வந்தால் அந்த நிமிடமே குச்சியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது என்று.

புரட்டாசியிலும் நாட்கணக்குத் தவறாமல் ஐந்து நாள் நகம் ஒட்டினாள். முனவ்வறா வந்து பார்த்தாள், "ம்" என்றாள், போய்ச் சொன்னாள். நாஸிமும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. விடிய சுபஹுக்குப் பள்ளிக்குப் போகிறவன் கடை பூட்டி இஷாவும் தொழுதுவிட்டுத்தான் பல நாள் வருவான். என்றாலும் கழற்றின பத்து நகமும் சோசரில் அவன் தண்ணீர் குடிக்கிற செம்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தன. பார்க்க நினைக்கிறவனுக்கு அதுவே போதும். பெண்டாட்டி தொழுகிறாளா இல்லையா என்பதைக்கூட ராத்தாவிடம் கேட்டு அறிகிற ஆள் இவன் என்று நினைத்தபோது றிஸ்பாவுக்கு அருவருப்பாக இருந்தது. கிளினிக்குக்குத் தயாளினியோடு கிளிநொச்சிக்கே போய் வந்தாள். பிள்ளையின் நெஞ்சு அடிக்கிற சத்தத்தை முதலில் கேட்டது தயாளினிதான்.

"சொல்லன் அந்த மனுசனுக்கு" என்றாள் தயாளினி, பஸ்ஸில் வரும்போது.

"அவர் முதல் சொல்லட்டும்."

ஐப்பசியில், காலமான மாமனாருக்காக ஓதுகிற ஆண்டுக் கத்தம் வந்தது. முனவ்வறாவின் வீட்டில் ஏற்பாடு. ஆண்கள் பள்ளியில், பெண்கள் வீட்டில். விறாந்தையில் பாய் விரித்து முப்பது பெண்கள் யாசீன் ஓதினார்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு மூத்த பெண்மணியை முனவ்வறா நடுவில் இருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். அது பெண்ணின் உம்மா என்று ஒருவரும் றிஸ்பாவுக்குச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று றிஸ்பா நகத்துக்கு மேலே இன்னொரு பூச்சும் போட்டிருந்தாள். வட்டிலப்பத் தட்டை நீட்டும்போது இறால் கண் பத்தும் மினுங்கின. எல்லாரும் ஓதி முடித்து, சாப்பிட்டு வாயைத் துடைக்கும் நேரம் பார்த்து, முனவ்வறா அவள் கையைப் பிடித்து வவுனியாப் பெண்மணிக்குக் காட்டினாள்.

"பாருங்கோ மாமி, நான் பொய் சொல்லேல்லை. மாசம் தவறாது. அஞ்சு வருசம் பொறுத்திட்டம்."

அந்தப் பெண்மணி கையைப் பார்க்காமல் றிஸ்பாவின் முகத்தைப் பார்த்தார். சங்கடப்பட்டவர் போலிருந்தது. றிஸ்பா சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. பெண்கள் எழும்பிப் பின்பக்கப் பைப்படிக்குப் போனார்கள். றிஸ்பாவும் போனாள்.

"நீ எங்க வாறாய்?" என்றாள் முனவ்வறா, எல்லாருக்கும் கேட்க. "உனக்குத் தொழுகை இல்லையே. போய்க் கோப்பையளைக் கழுவு."

றிஸ்பா பைப்புக்கு முன்னால் வந்து நின்றாள். பைப்படித் திண்டில் முழங்கையை ஊன்றி, இடது சுண்டுவிரல் நகத்தைப் பிடித்துக் கழற்றினாள். திண்டில் வைத்தாள். பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல். அவசரப்படவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த பைப்பை யாரோ மூடினார்கள். ஐந்தாவது நகம் கழன்றபோது பைப்படியில் கதை நின்றுவிட்டது. பத்தும் வரிசையாகத் திண்டில் கிடந்தன. கீழே வெறும் நகம், வெட்டின சுத்தமான நகம்.

"ஒட்டினதுதான் மதினி" என்றாள். "மூண்டு மாசமா எனக்கு ஒரு நேரத் தொழுகையும் விடுபடேல்லை."

அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முப்பது பெண்களும் பிள்ளை பெற்றவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். மூன்று மாதம் ஒரு நேரமும் விடாமல் தொழுகிறவள் ஒன்றில் கிழவியாக இருக்கவேண்டும், அல்லது வயிற்றில் பிள்ளையோடு இருக்கவேண்டும். ஒருத்தி "மாஷா அல்லாஹ்" என்றாள். இன்னொருத்தி முனவ்வறாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாருமே பார்த்தார்கள். மாதா மாதம் படலையடியில் நின்று அவள் சொன்ன ஒவ்வொரு "இல்லையாம்" உம் அவளுடைய முகத்துக்கே திரும்பி வந்தது. முனவ்வறாவின் வாய் திறந்தபடி நின்றது. இந்த ஒரு பார்வைக்காகத்தான் மூன்று மாதம் பொறுத்தது. தேன் மாதிரி இருந்தது. றிஸ்பா மெதுவாக, விரலிடுக்கெல்லாம் தண்ணீர் விட்டு வுளூ செய்தாள்.

தொழுது முடிந்ததும் வவுனியாப் பெண்மணி அபாயாவைச் சரிசெய்துகொண்டு றிஸ்பாவிடம் வந்தார். கையைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கொள் மகள். உனக்கும் சம்மதம் எண்டுதான் எங்களுக்குச் சொன்னவை. போன கிழமை வந்து பிள்ளையைப் பாக்கேக்க உன்ர மாப்பிள்ளையும் அப்பிடித்தான் சொன்னார்."

றிஸ்பா அவருடைய கையை விடாமல் நின்றாள். போன கிழமை. சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போகிறேன் என்று புதுச் சேட் கேட்டு வாங்கி, அவள் அயர்ன் பண்ணிக் கொடுக்கப் போட்டுக்கொண்டு போன நாள். முனவ்வறாவை விழுத்தின சந்தோசம் அப்படியே வற்றிப்போனது. அவனுக்கு வைத்த தவணை எப்போதோ முடிந்துவிட்டிருக்கிறது, அவள்தான் தெரியாமல் காத்திருந்திருக்கிறாள்.

பைப்படிக்குப் போய்ப் பத்து நகத்தையும் பொறுக்கித் தயாளினி கொடுத்த பெட்டியிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னே போயிருந்தது. நாஸிம் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். கண் கலங்கியிருந்தது, கையில் அப்பிள் பை ஒன்று.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றான். "என்னட்டையும் மறைச்சிட்டாய்."

"உங்கட ராத்தாவிட்டக் கேட்டிருக்கலாம். என்ர விரல் அவாவுக்குத்தானே தெரியும்."

அவன் அப்பிள் பையை நீட்டினான்.

"வவுனியாப் பிள்ளை வடிவோ?" என்று கேட்டாள்.

அப்பிள் பை அவன் கையிலேயே இருந்தது. ராத்தா கூப்பிட்டதால் போனேன், மனசோடு போகவில்லை, ஒரு தேத்தண்ணிதான் குடித்தேன் என்றெல்லாம் சொன்னான். றிஸ்பா முழுதையும் கேட்டாள். முடிந்ததும் அறைக்குள் போய் அவனுடைய இரண்டு சாரமும் நாலு சேட்டும் ஒரு பையில் போட்டு, வவுனியாவுக்குப் போட்டுக்கொண்டு போன சேட்டை எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்துக் கொண்டுவந்தாள்.

"பிள்ளை பிறக்கிற மட்டும் ராத்தா வீட்டில இருங்கோ. பிறகு நான் யோசிச்சுச் சொல்லுறன்."

"ஊர் என்ன கதைக்கும், றிஸ்பா?"

"அதை ராத்தா பாத்துக்கொள்ளுவா. ஊருக்குச் சொல்லுறது அவாதானே."

அவன் படலையைத் தாண்டும்போது கூப்பிட்டாள். திரும்பினான், முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. அவள் நகப்பெட்டியை அவன் பைக்குள் வைத்தாள்.

"இதை மதினியிட்டக் குடுங்கோ. பாக்க ஆசை வந்தால் எடுத்துப் பாக்கட்டும். என்ர கையைப் பாக்க இனி இந்த வாசலுக்கு வரவேண்டாம்."